புத்திரசுவிகாரம்: சோறு போடுவதும் உரித்து எழுதுவதும்

பவுல் அப்போஸ்தலன் ரோமில் இருந்த விசுவாசிகளுக்கு எழுதிய ரோமர் கடிதத்தின் 8ஆம் அதிகாரத்தை வாசிக்கக் கொடுத்தால் பிள்ளைகள் 15ஆம் வசனத்தில் கட்டாயம் தடக்குப்படுவார்கள். "புத்திர சுவிகாரத்தின் ஆவி" என்ற இடம் வந்ததும் குரல் இறங்கிவிடும், ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பார்ப்பார்கள், பிறகு எப்படியோ தாண்டி "அப்பா பிதாவே"யில் வந்து மூச்சு விடுவார்கள். பெரியவர்களும் அப்படித்தான். எங்களுக்கு நாக்குத் தடக்குவதில்லை, ஆனால் அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று நின்று பார்க்காமல் தாண்டிப்போகிறோம். கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் இது எளிமையாக, கடவுளின் பிள்ளைகளாக்குவது என்ற பொருளில் வருகிறது. வாசித்ததும் விளங்கும். ஆனால் பழைய சொல்லில் ஒரு சட்ட வாசனை இருக்கிறது, எனக்கு அது தேவை, ஏனென்றால் பவுல் அந்த இடத்தில் எழுதியது உண்மையிலேயே ஒரு கோர்ட் விஷயம்.

சுவிகாரம் என்றால் தனதாக்கிக்கொள்ளுதல். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ஹுயொதேசியா, மகன் என்ற சொல்லையும் வைத்தல் என்ற சொல்லையும் சேர்த்தது, அதாவது ஒருவரை மகனுடைய இடத்தில் வைத்தல். புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் மொத்தம் 5 இடத்தில்தான் வருகிறது: ரோமரில் மூன்று தரம் (8:15, 8:23, 9:4), கலாத்தியரில் ஒருதரம் (4:5), எபேசியரில் ஒருதரம் (1:5). வேறு எந்த ஆக்கியோனும் இதைப் பயன்படுத்தவில்லை. ஐந்தே ஐந்து இடம்தான், ஆனாலும் மீட்பு என்று நாங்கள் சொல்லுகிற முழுக் காரியத்தையும் பவுல் இந்த ஒரு சொல்லில் கொண்டுவந்து கட்டுகிறார்.

இலங்கையின் வடக்கில், எங்கள் வன்னியில், பேச்சில் யாரும் சுவிகாரம் என்று சொல்வதில்லை. எடுத்து வளர்த்த பிள்ளை என்போம், வளர்ப்புப் பிள்ளை என்போம். நீதிமன்றக் கடதாசியில் மகவேற்பு என்று இருக்கும். யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு எங்கள் ஊர்களில் இந்த "எடுத்து வளர்த்த" என்ற சொல் எத்தனை வீட்டில் புழங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் மனசு கனத்துப்போகும். அம்மம்மாவிடம் வளர்ந்தவர்கள், பெரியம்மாவிடம் வளர்ந்தவர்கள், சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவர்கள். அதனால் எங்கள் ஆலயங்களில் இந்த வசனத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் நேரே அங்கே போய்விடுகிறார்கள்: அநாதைகளாகக் கிடந்த எங்களை ஆண்டவர் எடுத்து வளர்த்தார், உணவு தந்தார், உடை தந்தார். நான் அந்தப் பிரசங்கங்களைக் குறைத்துப் பேசவில்லை, அவற்றைக் கேட்டு அழுதவர்களோடு நானும் இருந்திருக்கிறேன். ஆனால் பவுல் சொன்னதில் பாதிதான் அது. எடுத்து வளர்ப்பது வேறு, சுவிகாரம் எடுப்பது வேறு. முதலாவதற்கு இரக்கம் இருந்தால் போதும். இரண்டாவதற்குப் பங்கு பிரிக்க வேண்டும், உரித்து, அதாவது சொத்துரிமை, எழுத வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் இருந்தான். செட்டிகுளம் முகாமிலிருந்து வரும்போது அவனுக்கு ஏழு வயது. தாய் முள்ளிவாய்க்காலில் போய்விட்டா, தகப்பன் எங்கே என்று தெரியவில்லை. பெரியம்மா வீட்டில்தான் வளர்ந்தான், அவவுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். நல்ல சனங்கள், அவனை ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பெடியன் எல்லாருக்கும் முதல் எழும்பி முற்றம் கூட்டிவிடுவான். யாரும் சொல்லிக் கூட்டுவதில்லை. சாப்பிட இருந்தால் மற்றவர்கள் போட்டுக்கொள்ளும்வரை கோப்பையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான், மீன் சட்டி தன்பக்கம் வந்தால் வால் துண்டைத்தான் எடுப்பான். ஒருநாள் பெரியம்மா நடுத்துண்டை எடுத்து அவன் கோப்பையில் வைத்தபோது அவன் திரும்பி அண்ணனின் முகத்தைப் பார்த்தான். வைத்தவவின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. அந்தப் பார்வைதான் எனக்கு ரோமர் 8:15ஐ விளங்கப்படுத்தியது.

அந்த வசனத்தில் பவுல் இரண்டு ஆவிகளை எதிரெதிரே வைக்கிறார். ஒன்று "திரும்பவும் பயப்படுகிறதற்கு" ஆன அடிமைத்தனத்தின் ஆவி, மற்றது புத்திரசுவிகாரத்தின் ஆவி. அடிமையும் அதே வீட்டில்தான் இருக்கிறான், அதே அடுப்பில் சமைத்ததைத்தான் சாப்பிடுகிறான். ஆனால் நாளைக்கு இங்கே இருப்பேனா என்பது இன்றைக்கு எவ்வளவு வேலை செய்தேன் என்பதில் தங்கியிருக்கிறது என்று நம்புகிறான். லூக்கா 15இல், இயேசு சொன்ன கதையில், தன் பங்கைச் செலவழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பி வருகிற இளைய மகனும் இதையேதான் வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வருகிறான், உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்று கேட்பதற்கு. தகப்பன் அந்த வசனத்தைச் சொல்லி முடிக்க விடவில்லை. பாவம் செய்தேன் என்றதைக் கேட்கிறார், கூலிக்காரன் என்ற பேச்சு வருவதற்குள் மோதிரத்துக்கு ஆள் அனுப்பிவிடுகிறார். நாங்கள் எத்தனை பேர் கடவுளின் வீட்டில் விடியமுதல் எழும்பி முற்றம் கூட்டிக்கொண்டிருக்கிறோம், உபவாசம் இருந்தால் வைத்திருப்பார், தசமபாகம் கொடுத்தால் வைத்திருப்பார் என்று.

சரி, இதில் கோர்ட் எங்கே வந்தது? பவுல் தர்சுவில் பிறந்தவர், ரோமக் குடியுரிமை உள்ளவர், எழுதியதும் ரோமச் சட்டம் ஓடுகிற ஊர்களுக்கு. ரோமரிடம் தகப்பனுடைய அதிகாரம் மிகப் பெரியது. பிள்ளைக்கு எத்தனை வயதானாலும் தகப்பன் உயிரோடு இருக்கும்வரை அவனுடைய கையின்கீழ்தான். அப்படிப்பட்ட ஒரு மகனை இன்னொருவர் சுவிகாரம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் பழைய கையிலிருந்து கழற்ற வேண்டும். அதற்கு ஒரு சடங்கு இருந்தது. ஒரு தராசும் வெண்கலத் துண்டும் கொண்டுவந்து, தராசு பிடிக்க ஒரு ஆளும் சாட்சிக்கு ஐந்து குடிமக்களும் நிற்க, தகப்பன் மகனை விற்பதுபோல் விற்க வேண்டும். ஒருதரம் அல்ல, மூன்றுதரம். மூன்றுமுறை விற்ற தகப்பனிடமிருந்து மகன் விடுதலை என்பது ரோமரின் பழைய பன்னிரு பலகைச் சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு நீதிபதியின் முன் புதிய தகப்பன் இவன் என் மகன் என்று உரிமை கோர, பழைய தகப்பன் எதிர்க்காமல் நிற்க, நீதிபதி தீர்ப்புச் சொல்வார். அந்த நேரத்திலிருந்து அவன் புது வீட்டின் பெயருக்கும் சொத்துக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் உரியவன், பழைய வீட்டில் அவனுக்குச் சட்டப்படி ஒன்றும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு ரோமர் 8:16ஐ வாசித்தால் அதிலுள்ள "சாட்சிகொடுக்கிறார்" என்ற சொல் சட்டென்று எழும்பி நிற்கும். நாங்கள் பிள்ளைகள்தான் என்று ஆவியானவர் எங்கள் ஆவியோடு சேர்ந்து சாட்சி சொல்கிறார். இது உருக்கத்துக்காக எழுதிய வரி என்று நினைத்திருந்தேன். தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற சாட்சியை ரோமில் இருந்தவர்கள் நேரில் பார்த்திருப்பார்கள்.

அதோடு அவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பவுல் அந்தக் கடிதத்தை எழுதியது ஏறக்குறைய கி.பி. 57இல், அப்போது சிம்மாசனத்தில் இருந்தவன் நீரோ. நீரோ பேரரசன் கிளாடியசுக்குப் பிறந்தவன் இல்லை. கி.பி. 50இல் கிளாடியஸ் அவனைச் சுவிகாரம் எடுத்தான், அதுவும் பிரிட்டானிக்கஸ் என்று தனக்கே ஒரு மகன் இருக்கும்போது. நான்கு வருஷத்தில் ராச்சியம் நீரோவின் கையில். அவனுக்கு முன்னாலும் இதே கதைதான், யூலியஸ் சீசர் உயிலில் எழுதிய சுவிகாரத்தால்தான் ஒக்டேவியன் அகஸ்து ஆனான், அகஸ்து கி.பி. 4இல் திபேரியுவைச் சுவிகாரம் எடுத்தான். ஆகவே சுவிகார புத்திரன் என்றால் ரோமில் ஒருவருக்கும் வேலிக்கரையில் நிற்கிற பரிதாபமான பிள்ளை நினைவுக்கு வராது. அரண்மனைதான் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட நகரத்தில் அடிமைகளும் கூலிக்காரரும் பெண்களும் வீடுகளில் கூடி, தங்களுக்குக் கடவுளிடத்தில் அந்த இடம் கிடைத்திருக்கிறது என்று வாசிக்கக் கேட்டார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ரோமில் சுவிகாரம் எடுத்தால் பழைய கடன் எல்லாம் அழிந்துபோகும், அதனால்தான் பவுல் இந்த உவமையை எடுத்தார் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கலாம். அது முழுச் சரியில்லை. தகப்பனின் கையின்கீழ் இல்லாத, தனித்து நின்ற ஒருவரைச் சுவிகாரம் எடுக்கும்போது அப்படி ஒரு சட்ட விளைவு இருந்தது, ஆனால் கடன் கொடுத்தவன் ஏமாறக்கூடாது என்று நீதிபதிகளே அதற்கு வழியும் வைத்திருந்தார்கள். பாவமன்னிப்பைச் சொல்ல வேதத்தில் வேறு வலுவான இடங்கள் இருக்கின்றன, இதைப் பிடித்து இழுக்கத் தேவையில்லை.

இப்போது எங்கள் ஊர் வழக்கத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை 1707இல் ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து எழுதினார். அதில் பிள்ளை இல்லாதவர்கள் பிள்ளை எடுக்கிற முறை சொல்லியிருக்கிறது. சுற்றத்தார் முன்னிலையில் மஞ்சள் தண்ணீர் குடிக்கிற சடங்கு அது. 1941ஆம் ஆண்டு மகவேற்புக் கட்டளைச் சட்டம் வந்த பிறகு அந்த முறை போய்விட்டது, இன்றைக்கு எல்லாம் நீதிமன்றக் கட்டளைதான். ஆனால் அந்தப் பழைய முறையில் ஒரு விஷயம் என்னை விடவில்லை. எடுக்கிறவர்கள் விரும்பினால் மட்டும் போதாது, அந்தப் பிள்ளை இல்லாவிட்டால் சொத்து யாருக்குப் போயிருக்குமோ அந்தச் சகோதரங்களின், நெருங்கிய உறவுகளின் சம்மதமும் வேண்டும். நியாயம்தானே, ஒரு பங்கு கூடினால் மற்றவர்களின் பங்கு குறையும். சம்மதம் இல்லாமல் வந்த பிள்ளைக்கு அந்த வீட்டில் ஒருநாளும் நிம்மதி இருக்காது.

மனுஷர் பிள்ளை எடுப்பது பெரும்பாலும் பிள்ளை இல்லாத குறைக்கு. ரோமரும் அப்படித்தான், குடும்பப் பெயர் நிலைக்க வேண்டும், சொத்துக்கு ஆள் வேண்டும். கடவுளுக்கு அந்தக் குறை இல்லை. ஒரேபேறான குமாரன் இருக்கிறார், சொத்தெல்லாம் அவருக்குத்தான். அப்படியென்றால் இந்தச் சுவிகாரத்தில் யாருடைய சம்மதம் வேண்டும்? அவருடையது. தேசவழமைக் கண்ணோடு பார்த்தால் இதுதான் முதல் கேள்வி, ஆனால் நான் கேட்ட பிரசங்கம் ஒன்றிலும் இது வந்ததில்லை. பவுல் பதில் சொல்லியிருக்கிறார்: "தேவனுடைய சுதந்தரரும், கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரருமாமே" (ரோமர் 8:17). பழைய மொழிபெயர்ப்பில் சுதந்தரர் என்றால் விடுதலை பெற்றவர் அல்ல, உரித்தாளி, முதுசத்துக்கு உரியவர். உடன் சுதந்தரர் என்றால் அவரோடு சேர்ந்து பங்காளி. கலாத்தியர் 4இல் எங்களுக்குச் சுவிகாரம் கிடைக்கும்படி அனுப்பப்பட்டவரே அந்தக் குமாரன்தான். எபிரெயர் 2:11 அவர் எங்களைச் சகோதரர் என்று சொல்ல வெட்கப்படவில்லை என்கிறது. பங்கு குறையக்கூடிய மூத்த மகனே போய், செலவைத் தானே ஏற்று, தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். லூக்கா 15இல் வீட்டுக்கு வெளியே கோபத்தோடு நின்ற அந்த அண்ணனையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்தப் பெடியனின் வீட்டிலும் இது வந்தது. பெரியப்பா கோர்ட்டில் மகவேற்புக்குப் போடலாம் என்று சொன்னபோது, தகப்பனுடைய தாய், அந்த அப்பம்மா, ஒரு பாட்டம் அழுதா. "என்ர மகன் நாளைக்கு வந்து நிண்டா நான் என்னத்தச் சொல்லுறது?" என்று கேட்டா. பெரியப்பா கன நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வந்தா அவனும் இஞ்ச இருக்கட்டும் ஆச்சி" என்றார். மூத்தவனுக்கு அப்போது பதினாறு வயது. காணியில் பங்கு என்ற பேச்சு விளங்குகிற வயது. அவன் திண்ணையில் சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருந்தவன், தலையை நிமிர்த்தாமல் "அவனும் வயலுக்கு வாறவன்தானே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் அந்த வீட்டில் காரியம் நடந்தது.

வன்னிச் சனத்துக்கு உரித்து என்றால் என்ன என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் குடியேற்றக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை, கிடைத்தது காணி உறுதிப்பத்திரம் அல்ல, அரசாங்கத்தின் பெர்மிட். அந்தப் பெர்மிட்டில் பின்னுரித்தாளர் என்ற இடத்தில் யாருடைய பெயர் என்பதற்காக எத்தனை குடும்பம் உடைந்திருக்கிறது. பின்னுரிமை வரிசையில் ஆண்பிள்ளைகளை முன்னுக்கு வைத்த முறை நெடுங்காலம் இருந்தது, அதனால் காணியில் உழைத்த மகள்கள் வெறுங்கையோடு நின்றதையும் பார்த்திருக்கிறோம். இந்த இடத்தில் புத்திரன் என்ற ஆண்பால் சொல் பெண்களுக்கு உறுத்தும், உறுத்த வேண்டும். பவுல் வளர்ந்த யூத வழக்கத்திலும் மகன் இருந்தால் மகன்தான் உரித்தாளி. ஆனால் கலாத்தியர் 3இல் நீங்கள் எல்லாரும் புத்திரர் என்று எழுதிய கையோடு, இரண்டு வசனம் தள்ளி, ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்று எழுதுகிறார். பெண்களையும் "புத்திரர்" என்று சொன்னது அவர்களை மறந்ததால் அல்ல, மகனுக்கு இருந்த பங்கை அவர்களுக்கும் எழுதியதால். இது எங்கள் கூட்டங்களில் உரத்துச் சொல்லப்பட வேண்டும் என்பது என்னுடைய உறுதியான எண்ணம்.

அப்புறம் "அப்பா" என்ற சொல். அரமேய மொழியில் தகப்பனை அழைக்கிற சொல் அப்பா, தமிழிலும் அப்பா. இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள், அது தற்செயலான ஒலி ஒற்றுமை, அதற்குமேல் அதில் கட்டடம் கட்ட வேண்டாம். அது மழலைச் சொல் என்றும் ஒரு பேச்சு உண்டு, அதுவும் சரியில்லை, வளர்ந்தவர்களும் தங்கள் தகப்பனை அப்படித்தான் அழைத்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சொல் சுவிசேஷத்தில் வருகிற இடம். மாற்கு 14:36, கெத்செமனே, இந்தப் பாத்திரத்தை நீக்கும் என்று இயேசு தரையில் விழுந்து கேட்கிற இரவு. கிரேக்கத்தில் எழுதிய மாற்கு அந்த அரமேயச் சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் பிதாவே என்று கிரேக்கத்திலும் எழுதினார், பவுலும் அப்படியே செய்தார். சுவிகாரப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது சொந்த மகன் தன்னுடைய மிக மோசமான இரவில் பயன்படுத்திய அதே சொல். தகப்பன் குடித்துவிட்டு அடித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, தகப்பனையே பார்க்காதவர்களுக்கு, அந்தச் சொல் வாயில் வராமல் இருக்கலாம். அவர்களைக் கட்டாயப்படுத்துகிற பிரசங்கங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. கூப்பிடப்பண்ணுகிறவர் ஆவியானவர் என்றுதான் வசனமே சொல்கிறது, அது அவருடைய வேலை.

திருச்சபை வரலாற்றில் இது எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயேசு சுபாவத்தால் குமாரன், நாங்கள் கிருபையால் பிள்ளைகள், இந்த வித்தியாசத்தைத் திருச்சபை விட்டுக்கொடுக்கவில்லை. மனிதனாகிய இயேசுவையே சுவிகாரக் குமாரன் என்று சொன்ன போதனையை 794இல் பிராங்க்பர்ட் சங்கம் கண்டித்தது. 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் நீதிமானாக்கப்படுதலை விளக்கும்போது தேவபிள்ளைகளின் சுவிகார நிலைக்கு மாற்றப்படுவது என்றே சொன்னது. அதற்கு நூறு வருஷம் கழித்து வந்த, சீர்திருத்தச் சபையாரின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை 12ஆம் அதிகாரத்தை இதற்கென்றே ஒதுக்கியது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றி அவ்வளவு சண்டைபிடித்த காலம் அது. பங்குக் கோயிலுக்கும் சபைக்கும் ஒரே ஒழுங்கையால் போகிற எங்கள் ஊர்ச் சனம் இதில் ஒன்றாக உட்கார்ந்து பேசலாம்.

ஒரு இடத்தில் மட்டும் ரோமச் சட்டத்தை எங்கள் பிள்ளைகள்மேல் அப்படியே வைக்கக்கூடாது. ரோமில் பழைய வீடு முற்றாக அறுந்துபோகும். பவுலின் கருத்தில் அறுந்துபோகிற பழைய வீடு பாவத்தின், பயத்தின் வீடு, பெற்ற தாயின் வீடு அல்ல. இது விளங்காமல், கடவுளே உன் தகப்பன், இனிப் பழசை நினைக்காதே என்று பிள்ளைகளிடம் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது கொடுமை. பார்வோனின் மகள் எடுத்து வளர்த்த மோசேக்குத் தன் சகோதரர் யார் என்று தெரிந்திருந்தது. மொர்தெகாய் எடுத்து வளர்த்த எஸ்தர் ராஜாவிடம் போகிற முறை வரும்போது வேதம் அவளுடைய தகப்பனின் பெயரையும் சொல்கிறது.

இன்னொன்று, ரோமர் 8:15இல் சுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள் என்று எழுதிய அதே பவுல், எட்டு வசனம் தள்ளி, சுவிகாரம் வருகிறதற்குக் காத்திருந்து உள்ளே தவிக்கிறோம் என்று எழுதுகிறார். கிடைத்துவிட்டது, இன்னும் வரவும் இல்லை. அங்கே அதை அவர் சரீர மீட்பு என்று விளக்குகிறார், அழிந்துபோன உடல்கள் எழும்புகிற நாள். உடலே கிடைக்காதவர்கள் இருக்கிற ஊரில் இதை மெல்ல வாசிக்க வேண்டும். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு உட்காரத் தொடங்கிய தாய்மாருக்குத் தவிப்பு என்ற சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை. அவர்களுடைய காத்திருப்பை விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் இந்த வசனத்தை முழுதாக வாசிக்கவில்லை. பிள்ளை என்ற உறுதி கையில் இருக்கும்போதே தவிக்கலாம் என்று அப்போஸ்தலனே எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பெடியன் இப்போது வளர்ந்துவிட்டான். நீதிமன்றக் கட்டளையும் பிறப்புச் சான்றிதழும் ஒரே பொலித்தீன் பைக்குள் பெரியம்மாவின் அலுமாரியில் இருக்கின்றன. முற்றம் இப்போது யார் முதலில் எழும்புகிறார்களோ அவர்கள் கூட்டுவார்கள். வயலால் வந்தால் நேரே குசினிக்குள் போய்த் தானே சட்டியைத் திறந்து பார்ப்பான், பெரியம்மா ஏசுவா. போன நவம்பர் 2ஆம் திகதி, இறந்த ஆத்துமாக்களின் நாளுக்கு, கோயிலில் பெயர் எழுதிக் கொடுக்கிற கடதாசியை வாங்கித் தாயின் பெயரை எழுதினான். அடுத்த வரியில் பேனையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அப்பம்மா பின்னால் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. அந்த வரியை வெறுமையாகவே விட்டு மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, அப்பம்மாவைக் கையில் பிடித்து எழுப்பி, பெரியப்பாவைப் பார்த்து, "பெரியப்பா, வாங்கோ போவம்" என்றான்.